எதிர்மூலையில் மூன்று இளைஞர்கள்

சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில், மலைச்சரிவில் தெருத்தெருவாக ஏறிச் செல்லும் துறைமுக நகரம் டுலூத். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள இந்த ஊரிலிருந்து இரும்புத்தாதும் தானியமும் கப்பலேறுகின்றன. இங்கே முதல் தெருவும் கிழக்கு இரண்டாம் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறு சதுக்கம் இருக்கிறது. அதன் சுவரில் ஏழடி உயரமுள்ள மூன்று வெண்கல இளைஞர்கள் நிற்கிறார்கள். எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்பவை அவர்களின் பெயர்கள். 1920 ஜூன் 15 இரவு இதே சந்திப்பில், எதிர்ப்புறம் நின்ற ஒரு விளக்குக் கம்பத்தில் ஒரு கும்பல் அவர்களைத் தூக்கிலிட்டது. சதுக்கம் திறக்கப்பட்டது 2003 அக்டோபர் 10 அன்று. இடையில் கழிந்தவை 83 ஆண்டுகள். சதுக்கத்தைக் கட்ட முன்வந்தது அரசு அல்ல, ஊர்க்காரர் சிலர் கூடி அமைத்த ஒரு குழு.

இன அநீதிக்கான நினைவிடங்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் பல ஊர்களில் எழுந்திருக்கின்றன. அவற்றுள் மாநில அரசுகள் அமைத்தவையும் உண்டு, பெரிய அறக்கட்டளைகள் அமைத்தவையும் உண்டு. ஊரார் குழுக்கள் எழுப்பியவை தனி வகை. நடந்த கொடுமையைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதைச் சகித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே தெருவில் வாழும் ஊரில், அந்தத் தெருவிலேயே கல் நடுவது எளிதல்ல. அது எவ்வாறு நடக்கிறது என்பதற்கு டுலூத் தெளிவான சான்று என்பதால் இவ்வுரை அதை மையமாகக் கொள்கிறது.

ஆங்கிலத்தில் 'லிஞ்சிங்' எனப்படும் செயலுக்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'கும்பல் கொலை' என்பது பக்கத்தில் வருகிறது, ஆனால் முழுப்பொருளையும் தருவதில்லை. கும்பல் ஆத்திரத்தில் அடித்துக் கொல்வது ஒன்று. நீதிமன்றத்தின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, பலர் பார்க்க, ஒரு சடங்கைப் போலக் கொல்வது வேறொன்று. இரண்டாவதில் பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு. குழந்தைகளை அழைத்து வருவதும், பிணத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வதும், அப்படத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்பதும் அந்தச் சடங்கில் அடங்கும். டஸ்கிகீ நிறுவனம் திரட்டிய கணக்கின்படி 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். பெரும்பாலான கொலைகள் தென் மாநிலங்களில் நடந்தன. டுலூத் வடகோடியில் இருப்பது. அடிமை முறை ஒருபோதும் வேர்விடாத மாநிலம் என்று மினசோட்டா தன்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தது. ஆகவே டுலூத் மறந்தது ஒரு குற்றத்தை மட்டுமன்று, தன்னைப் பற்றிய நல்லெண்ணத்தைக் கெடுக்கும் ஒரு சான்றையும்தான்.

1920 ஜூன் 14 அன்று ஜான் ராபின்சன் சர்க்கஸ் ஒருநாள் காட்சிக்காக டுலூத்துக்கு வந்தது. அப்போது நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கறுப்பினத்தவர் சுமார் 500 பேர். அன்றிரவு காட்சி முடிந்து கூடாரம் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சர்க்கஸ் மைதானத்துக்கு வந்திருந்த 19 வயது வெள்ளையினப் பெண் ஒருவரைக் கறுப்பினத் தொழிலாளர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக, அவரோடு வந்திருந்த 18 வயது இளைஞர் சொன்னதாகச் செய்தி பரவியது. மறுநாள் காலை அப்பெண்ணைப் பரிசோதித்த மருத்துவர் டேவிட் கிரஹாம் வன்முறைக்கான உடற்சான்று எதையும் காணவில்லை. அதற்குள் போலீஸ் சர்க்கஸ் ரயிலை நிறுத்தித் தொழிலாளர்களை வரிசையில் நிற்கவைத்து, ஆறு பேரைப் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டது.

பகல் முழுதும் வதந்தி வளர்ந்தது. அந்தப் பெண் இறந்துவிட்டார் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். மாலையில் லூயி டொண்டினோ என்பவர் தம் லாரியில் தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தார். இருட்டும்போது சிறைக்கு முன் திரண்டிருந்தவர்கள் 5,000 முதல் 10,000 பேர் வரை இருப்பார்கள் என்பது அக்காலக் கணிப்பு. ஊரில் பத்துப் பேருக்கு ஒருவர் என்றோ இருபது பேருக்கு ஒருவர் என்றோ வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று காவல் துறைக்குப் பொறுப்பான நகர ஆணையர் உத்தரவிட்டிருந்தார். செங்கல்லாலும் மரக்கட்டையாலும் கதவையும் சுவரையும் உடைத்துக் கும்பல் உள்ளே புகுந்தது. உள்ளேயே ஒரு போலி விசாரணை நடந்தது. மூவர் குற்றவாளிகள் என்று 'தீர்ப்பு' சொல்லப்பட்டது. அவர்களை ஒரு தெரு தூரம் மேட்டில் இழுத்துச் சென்று, ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிலிட்டார்கள். பாதிரியார் வில்லியம் பவர்ஸ் கம்பத்தின் மீது ஏறி நின்று தடுத்துப் பேசினார். கூட்டம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு ஒரு காரின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் உடல்களைச் சுற்றி ஆண்கள் நெருக்கியடித்து, முகம் தெரியும்படி எட்டிப் பார்த்து நிற்கும் படம் அது. அது அஞ்சலட்டையாக விற்றது.

நீதி விசாரணை என்று பின்னர் நடந்ததை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கலகம் செய்ததாக மூன்று வெள்ளையினத்தவருக்குத் தண்டனை கிடைத்தது, அவர்களில் எவரும் 15 மாதங்களுக்கு மேல் சிறையில் இருக்கவில்லை. மறுபக்கம், கும்பலிடமிருந்து தப்பிய சர்க்கஸ் தொழிலாளர்கள் மீது பாலியல் வன்முறை வழக்கு தொடர்ந்தது. மேக்ஸ் மேசன் என்பவருக்கு 7 முதல் 30 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது. அவர் 1925இல், மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார்.

இந்த நிகழ்வு உடனடியாக மௌனத்தில் புதைந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மினசோட்டாவின் கறுப்பினத்தவர் அப்போதே எழுந்தார்கள். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் கிளை டுலூத்தில் தொடங்கப்பட்டது. செயின்ட் பால் நகரின் நெல்லி கிரிஸ்வோல்ட் பிரான்சிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி முன்னின்று நடத்திய முயற்சியால் 1921 ஏப்ரலில் மாநிலத்தில் கும்பல் கொலைத் தடைச் சட்டம் நிறைவேறியது. கடமை தவறிய காவல் அதிகாரியைப் பதவி நீக்கவும், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு 7,500 டாலர் வரை இழப்பீடு தரவும் அச்சட்டம் வழி செய்தது. நாட்டின் மைய அரசு இதே பொருளில் ஒரு சட்டம் இயற்ற 2022 மார்ச் 29 வரை ஆயிற்று. அதற்கு எம்மெட் டில் என்ற சிறுவனின் பெயர் சூட்டப்பட்டது.

மௌனம் பிறகு வந்தது, அதுவும் வெள்ளையினத்தவரின் வீடுகளில். பள்ளிப் பாடத்தில் இந்நிகழ்வு இல்லை. நகர வரலாறுகள் தாண்டிச் சென்றன. கம்பம் நின்ற மூலையில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் அஞ்சலட்டைகள் பழம்பெட்டிகளில் இருந்தன. 1941இல் இந்த ஊரில் பிறந்த பாடகர் பாப் டிலன், 1965இல் வெளியிட்ட 'டெசலேஷன் ரோ' என்ற பாட்டை, தூக்கிலிட்ட காட்சியின் அஞ்சலட்டைகளைச் சொல்லித் தொடங்குகிறார். கொலை நடந்தபோது அவருடைய தந்தை அந்த ஊரில் சிறுவர். உலகம் முழுதும் அந்தப் பாட்டைக் கேட்டது, அது எந்த ஊர்க் கதை என்று டுலூத்திலேயே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. மறதி என்று இதைச் சொல்வது பொருந்தாது. தெரிந்தவர்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டார்கள் என்பதே சரி.

சொல்லாமல் விட்டதைச் சொன்ன முதல் முழு நூல் 1979இல் வந்தது. டுலூத்தில் வளர்ந்த மைக்கேல் ஃபெடோ என்ற எழுத்தாளர் பழைய பத்திரிகைகளையும் நீதிமன்றப் பதிவுகளையும் தேடி, உயிரோடு இருந்தவர்களிடம் பேசி எழுதினார். நூல் அதிகம் விற்கவில்லை, சில ஆண்டுகளில் அச்சில் இல்லாமலும் போயிற்று. ஆனால் நினைவிட முயற்சி எதற்கும் முதல் தேவை இப்படி ஒரு ஆவணம்தான். யார், எங்கே, எப்போது, யாரால் என்பவை சான்றோடு எழுதப்படாத இடத்தில், கல் நட்டவுடன் அதன் மீது சந்தேகமும் நடப்பட்டுவிடும்.

அடுத்த அடி கல்லறையில் விழுந்தது. மூவரும் டுலூத்தின் பார்க் ஹில் இடுகாட்டில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். புதைகுழிகள் கண்டறியப்பட்டு, 1991இல் பெயர் பொறித்த கற்கள் வைக்கப்பட்டன. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களுக்கு ஊரில் கிடைத்த முதல் இடம் அதுவே. இடுகாட்டில் கல் வைப்பதை எவரும் எதிர்ப்பதில்லை. துக்கம் அங்கே இருக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதையே கடைத்தெருவுக்குக் கொண்டுவரும்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன.

2000ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஃபெடோவின் நூல் புதிய தலைப்பில் மறுபதிப்பு கண்டது. ஹைடி பாக்-ஹான்சன் என்ற எழுத்தாளர் உள்ளூர் வார இதழ் ஒன்றில் 80 ஆண்டு நிறைவை ஒட்டி விரிவாக எழுதினார். ஜூன் 15 அன்று அந்த மூலையில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்தினார்கள். இந்தக் கூட்டத்திலிருந்து கிளேட்டன் ஜாக்சன் மெக்கீ நினைவிடக் குழு உருவாயிற்று. பாக்-ஹான்சன், ஹென்றி பேங்க்ஸ், கேத்தரின் ஆஸ்டோஸ் ஆகியோர் அதை முன்னின்று நடத்தினர். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் பிறரும் கலந்த குழு அது.

ஊரார் குழு ஒன்று இத்தகைய பணியில் இறங்கும்போது எழும் எதிர்ப்பு எங்கும் ஒரே குரலில்தான் பேசும்: பழைய புண்ணைக் கிளறுவானேன், அன்று வாழ்ந்தவர் எவரும் இன்று இல்லையே, ஊருக்குக் கெட்ட பெயர் வராதா. முதல் வாதத்தில், புண் ஆறிவிட்டது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. கொன்றவர்களின் தரப்பில் அது ஆறியிருக்கலாம். மூன்றாவது வாதம் சுவாரசியமானது. ஊருக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் வந்துவிட்டது என்பதும், அதை வெளியூர்க்காரர் அறிவார், உள்ளூர்க்காரர் மட்டுமே அறியார் என்பதும் அந்த வாதத்தைச் சொல்பவர் கண்ணில் படுவதில்லை.

டுலூத் குழு எடுத்த முடிவுகளில் நான்கு எடுத்துப் பேசத் தக்கவை. முதலாவது, இடம். ஏரிக்கரையில் அழகிய பூங்காக்கள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் வரும் இடமும் அதுவே. குழு அங்கே போகவில்லை. கொலை நடந்த சந்திப்பிலேயே, கம்பம் நின்ற இடத்துக்கு எதிரே சதுக்கத்தை வைத்தது. சதுக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் கண்ணில் படுவது சாதாரண ஒரு தெருமுனை, நடந்து போகும் மனிதர்கள், போக்குவரத்து. சாதாரண ஊரில் சாதாரண மனிதர்கள் செய்த காரியம் அது என்பதை வேறெந்த இடமும் இவ்வளவு நேராக உணர்த்தியிராது.

இரண்டாவது, பெயர். நிகழ்வின் பெயரிலோ, நல்லிணக்கம் போன்ற பொதுச்சொல்லிலோ இல்லாமல், மூன்று குடும்பப் பெயர்களை அடுக்கி நினைவிடத்துக்குச் சூட்டினார்கள். அஞ்சலட்டையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. அதை வாங்கியவனுக்கு அவர்கள் பெயர் தேவைப்படவும் இல்லை. இன்று டுலூத்தில் அந்த இடத்துக்கு வழி கேட்பவர் அந்த மூன்று பெயர்களையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உருவம். சிற்பி கார்லா ஸ்டெட்சனின் முன்னால் இருந்த சிக்கல் பெரியது. உலகம் இந்த மூவரையும் அறிந்தது இறந்த கோலத்தில் எடுத்த ஒரே படத்தின் மூலம். அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டினால் கும்பலின் கண்ணால் மீண்டும் ஒருமுறை பார்ப்பதாகும். காட்டாமல் விட்டால் நடந்ததை மழுப்புவதாகும். ஸ்டெட்சன் கயிற்றையும் கம்பத்தையும் விட்டுவிட்டார். இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்களை, அவரவர் நிற்கும் வாகில், அக்கால உடையில், உயிரோடு நிற்பவர்களாக வார்த்தார். அவர்கள் மேடைமீது இல்லை. பார்ப்பவர் அருகில் போய் முகத்துக்கு முகம் நிற்கலாம். அண்மைக்கால நினைவுச் சிற்பங்களில் இது மிகச் சரியான தீர்வுகளில் ஒன்று. கொலையைக் காட்டாமல் கொல்லப்பட்டவர்களைக் காட்டுகிறது.

நான்காவது, சொல். எழுத்தாளர் ஆன்டனி பெய்ட்டன் போர்ட்டர் சதுக்கத்தின் வாசகங்களைத் தொகுத்தார். நடந்த கதையோடு, பல நாடுகளையும் பல காலங்களையும் சேர்ந்த சிந்தனையாளர்களின் வாக்குகளும் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கே ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். மேற்கோள்கள் மிகுதி. பெயரும் தேதியும் நிகழ்வும் தனியே நின்றிருந்தால் இன்னும் கனமாக இருந்திருக்கும். பெரியோர் வாக்கு சூழ்ந்ததும் படிப்பவர் மனம் தெருமுனையை விட்டுப் பொதுவான நல்லெண்ணத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

2003 அக்டோபரில் திறப்பு விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அமெரிக்காவில் கும்பல் கொலைக்கு எழுந்த பெரிய அளவிலான முதல் நினைவிடம் இதுவே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. விழாவில் பேசியவர்களில் ஒருவர் வாரன் ரீட். லாரியில் ஆள் சேர்த்த லூயி டொண்டினோவின் கொள்ளுப்பேரன். குடும்ப வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தம் முன்னோர் செய்த காரியம் அவருக்குத் தெரியவந்தது. அவர் கூட்டத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். பின்னர் எல்மர் ஜாக்சனின் உறவினர்களைத் தேடிக் கண்டறிந்தார், 2008இல் ஒரு நூலும் எழுதினார். கொல்லப்பட்டவரின் வீட்டில் கதை இருக்கும், கொன்றவரின் வீட்டில் அது வெட்டப்பட்டிருக்கும். இரண்டு வீடுகளும் ஒருவரையொருவர் பார்க்க ஒரு பொது இடம் தேவைப்பட்டது.

சதுக்கம் எழுந்ததும் குழு கலைந்துவிடவில்லை. பள்ளிகளில் பேசுவது, மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குவது, ஆண்டுதோறும் ஜூன் 15ஐ ஒட்டி நினைவுகூர்வது என்று பணி தொடர்ந்தது. கட்டி முடித்த நினைவிடத்தைப் பராமரிப்பது கட்டுவதைவிடக் கடினம். பிற ஊர்களின் அனுபவம் இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில், 1955இல் கொல்லப்பட்ட 14 வயது எம்மெட் டில்லின் உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட இடத்தில், டலஹாச்சி கவுன்ட்டியின் உள்ளூர்க் குழு ஒரு பெயர்ப்பலகை வைத்தது. அது திருடு போயிற்று. அடுத்து வைத்த பலகைகள் துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்பட்டன. 2019 அக்டோபரில், குண்டு துளைக்காத எஃகுப் பலகை ஒன்றை அங்கே நிறுத்தினார்கள். அதன் எடை சுமார் 500 பவுண்டு.

பூங்கா என்ற வடிவத்தை முழுமையாக எடுத்துக்கொண்ட ஊர் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா. அங்கே அநீதிக்கு ஆளானவர்கள் சீனர்கள். வடக்குப் பசிபிக் ரயில்பாதை அமைத்த உழைப்பில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பாதை முடிந்து வேலை சுருங்கியபோது, அவர்களை வெளியேற்ற வேண்டும் என்ற இயக்கம் மேற்குக் கரை முழுதும் கிளம்பியது. 1882இல் சீனர் வருகையைத் தடுக்கும் சட்டமே வந்துவிட்டது. டகோமாவில் இந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் நகர மேயர் ஜேக்கப் வைஸ்பாக். அவரே ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். 1885 நவம்பர் 3 அன்று பல நூறு பேர் கொண்ட கும்பல் வீடு வீடாகச் சென்று, எஞ்சியிருந்த சுமார் 200 சீனர்களைத் திரட்டி, மழையில் எட்டு மைல் நடக்கவைத்து லேக்வியூ ரயில் நிலையத்துக்கு விரட்டியது. பின்னர் அவர்களின் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. மேயர் உட்பட 27 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வெளிப்படையாக, ஒழுங்காக, ஊர்ப் பெரியவர்களின் தலைமையில் ஓர் இனத்தையே வெளியேற்றும் இந்த வழிக்கு 'டகோமா முறை' என்ற பெயரும் வந்தது. பல பத்தாண்டுகளுக்கு அந்நகரில் சீனர் குடியேறவில்லை.

டகோமாவில் நூற்றாண்டு கழித்துப் பேச்சைத் தொடங்கியவர் ஒரு தனி மனிதர். அங்கே குடியேறிய கனடாக்காரரான டேவிட் மர்டாக், மற்ற மேற்குக்கரை நகரங்களில் இருக்கும் சீனர் குடியிருப்பு இங்கே ஏன் இல்லை என்று கேட்டுக் காரணத்தைக் கண்டுகொண்டார். 1991இல், நகரம் ஒரு நினைவுப் பூங்கா அமைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். 1993இல் நகர மன்றம் அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு சீன நல்லிணக்கத் திட்ட அறக்கட்டளை தோன்றியது. கமென்ஸ்மென்ட் விரிகுடாவின் கரையில், ஒருகாலத்தில் சீனர்கள் வாழ்ந்த பகுதிக்கு அருகே பூங்கா படிப்படியாக உருவாயிற்று. நடுவில் நிற்கும் மண்டபம் சீனாவின் ஃபூஜோ நகரம் அன்பளிப்பாகக் கொடுத்தது. பூங்காவில் நடப்பவர், வருகை, உழைப்பு, வெளியேற்றம், நல்லிணக்கம் என்ற வரிசையிலேயே நடக்கிறார். டுலூத் சதுக்கம் ஒருவரைத் தடுத்து நிறுத்துகிறது, டகோமா பூங்கா உலவவிடுகிறது. அழகிய கடற்கரைப் பூங்காவில் துயரம் தோட்டக்கலையாக மாறிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் டகோமாவில் நினைவுக்கு வர வேண்டியது ஒரு மரணம் அல்ல, ஓர் இல்லாமை. விரட்டப்பட்டவர்கள் வாழ்ந்திருக்க வேண்டிய கரை அது. அங்கே அவர்களின் கட்டடக்கலையில் ஒரு மண்டபம் நிற்பது பொருத்தமே.

ஓக்லஹோமாவின் டல்சா நகரம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களில் அங்கே கிரீன்வுட் என்ற செழிப்பான கறுப்பினப் பகுதியில் சுமார் 35 தெருச் சதுரங்கள் எரிக்கப்பட்டன. மாநில விசாரணை ஆணையம் 2001இல் அறிக்கை தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று, நினைவிடம் அமைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நினைவிடம் வந்தது. வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் பெயரிலான நல்லிணக்கப் பூங்கா 2010 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஃபிராங்க்ளினின் தந்தை அந்த வெறியாட்டத்திலிருந்து தப்பி, கூடாரத்தில் உட்கார்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடிய வழக்கறிஞர். மகன் 2008இல் பூங்காவின் கட்டுமானத் தொடக்க விழாவுக்கு வந்தார், 2009இல் காலமானார், திறப்பைக் காணவில்லை. சிற்பி எட் டுவைட் அங்கே அக்காலப் படங்களை ஒட்டி மூன்று வெண்கலச் சிலைகளை அமைத்தார்: ஆயுதத்தோடு ஒரு வெள்ளையினத்தவர், கைகளைத் தூக்கி நிற்கும் ஒரு கறுப்பினத்தவர், கறுப்பினக் குழந்தையை ஏந்திய செஞ்சிலுவைச் சங்க அதிகாரி. மூன்றாவது சிலைக்கு 'நம்பிக்கை' என்று பெயர். அந்த அதிகாரியும் வெள்ளையினத்தவர். எரிந்த தெருக்களைத் தங்கள் கையாலேயே மீண்டும் கட்டியெழுப்பியவர்கள் கிரீன்வுட் மக்கள். நம்பிக்கைக்கு அவர்களில் ஒருவரின் உருவம் இல்லாமல் போனது அந்தப் பூங்காவின் பெருங்குறை.

இழப்பீடு வரவில்லை. நூறு வயதைத் தாண்டியும் உயிரோடிருந்தவர்கள் தொடுத்த வழக்கை 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 ஜூனில் நகர மேயர் மன்ரோ நிக்கல்ஸ் 10.5 கோடி டாலர் தனியார் நிதி திரட்டும் அறக்கட்டளைத் திட்டம் ஒன்றை அறிவித்தார். அது வீட்டுவசதிக்கும் பகுதி மேம்பாட்டுக்குமானது, தப்பியவர்களின் கையில் நேரே பணம் தருவது அல்ல. பூங்கா மலிவானது, இழப்பீடு விலை மிக்கது என்பதால் அரசுகள் முதலாவதை விரைந்து ஏற்கின்றன என்ற குற்றச்சாட்டை டல்சாவில் மறுப்பது கடினம். ஊரார் குழுக்கள் இதை அறிந்தே இறங்க வேண்டியிருக்கிறது. கல் நட்டதும் கணக்கு தீர்ந்தது என்று நகரம் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

இந்தத் தனித்தனி முயற்சிகளை ஒரே நூலில் கோத்தது அலபாமாவின் மான்ட்கமரியில் 2018 ஏப்ரல் 26 அன்று திறக்கப்பட்ட அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடம். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் நிறுவிய சம நீதி முனைப்பு என்ற அமைப்பு ஆறு ஏக்கரில் இதை அமைத்தது. கும்பல் கொலை நடந்த ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஓர் எஃகுத் தூண் என்ற கணக்கில் 800க்கும் மேற்பட்ட தூண்கள் தொங்குகின்றன. அவற்றில் 4,400 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயர் தெரியாதவர்களுக்கு 'பெயர் அறியப்படாதவர்' என்றே பொறித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் தூண்கள் கண்மட்டத்தில் நிற்கும். தரை கீழிறங்க இறங்க அவை தலைக்கு மேலே போய்விடும். வெளியே அதே தூண்களின் இரட்டைகள் படுத்துக் கிடக்கின்றன, அந்தந்தக் கவுன்ட்டி வந்து எடுத்துச் சென்று தன் மண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக. எடுத்துச் செல்ல ஆள் வராத தூண் அங்கேயே கிடக்கும். தேசிய நினைவிடம் ஒன்று தன் வேலையில் பாதியை ஊரார் குழுக்களிடமே விட்டிருக்கிறது. மினசோட்டாவின் செயின்ட் லூயி கவுன்ட்டிக்கும் அங்கே ஒரு தூண் உண்டு. கிளேட்டன், ஜாக்சன், மெக்கீ மூவரும் அதில் இருக்கிறார்கள்.

டுலூத்தில் 2020 ஜூன் 15க்குப் பெரிய நூற்றாண்டு நிகழ்வு திட்டமிடப்பட்டிருந்தது. கொரோனா பெருந்தொற்று அதைச் சுருக்கியது. அதற்கு மூன்று வாரம் முன்பு, மே 25 அன்று, அதே மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின் கீழ் இறந்தார். அதைப் படம் எடுத்தவர் அங்கே நின்ற ஒரு பதின்வயதுப் பெண். அந்தப் படம் விசாரணையில் சான்றாயிற்று. 1920இன் படம் நினைவுப் பொருளாக விற்கப்பட்டது.

வெண்கலத்தில் இடம்பெறாத நான்காமவர் ஒருவர் இருக்கிறார்: தூக்கிலிருந்து தப்பிச் சிறைக்குப் போன மேக்ஸ் மேசன். அவர் பெயரில் இருந்த குற்றத்தை நீக்க வேண்டும் என்று வழக்கறிஞர் ஜெரி பிளாக்வெல் மாநில மன்னிப்பு வாரியத்தின் முன் வாதிட்டார். அதை ஆதரித்தவர்களில் ஒருவர் அப்போதைய டுலூத் காவல் தலைவர் மைக் டஸ்கன். 1920இல் குற்றச்சாட்டின் நடுவில் இருந்த பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். 2020 ஜூன் 12 அன்று வாரியம் மேசனுக்கு மன்னிப்பு வழங்கியது. மினசோட்டா வரலாற்றில் இறந்த ஒருவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது அதுவே முதல் முறை.